புரட்சிப் பட்டறையில் தொழில் பயின்ற வாலிபர்: எம். பி. டி. ஆசாரியார் சரித்திரம்

உலகத்தில் வெற்றி பெற்றோர் சரித்திரங்களையே பலரும் விரும்பிப் படிக்கின்றனர். வெற்றி கிட்டாதார் சரித்திரத்தைத் தேடிப் படிப்போர் மிகச் சிலரே. ஆயினும், வாலிபர்களுக்கு எவருடைய சரித்திரம் அதிகப் பயன் தரும் என்று நம்மைக் கேட்பின், பல தேசங்களிற் சென்று, பல ஆசான்களிடம் தொழில் பயின்று, ஒவ்வோரிடத்தும் ஏமாற்றமே அடைந்தும், தம் நெஞ்சை எவருக்கும் விற்காது வாழ்ந்து முடிந்த ஒருவருடைய சரித்திரமே பயன் தரும் என்று கூறுவோம். அத்தகைய ஒருவர் நம் சென்னை நகரத்திலேயே பிறந்தார். அவரே எம். பி. டி. ஆசாரியார்.

இவர் பிறந்த குலம் வேறு, நம் குலம் வேறு. அங்ஙனமிருக்க, நம் பத்திரிகையில் இவர் சரித்திரத்தை வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. பழைய நகர மதிலின் மூலைக் கொத்தளத்தாற் பெயர்பெற்ற நம் மூலக்கொத்தளத்திலும், அதனைச் சூழ்ந்த இராயபுரம், திருவொற்றியூர் முதலிய இடங்களிலும், பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பட்டறைக்கும் அச்சுக்கூடத்திற்கும் துறைமுகத்திற்கும் தொழில் பழக அனுப்புதல் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். தொழில் பழகும் பையனுக்கு இரண்டு கடமைகள் உள. ஆசானிடம் பணிந்து கற்றல் ஒன்று; கற்றபின் தன் அறிவைக் கொண்டு தானே நிற்றல் மற்றொன்று. முதலாவதை எல்லோரும் போதிக்கின்றனர். இரண்டாவதைப் போதிப்பார் அரியர். ஆசாரியார் வாழ்க்கை அவ்விரண்டாவது பாடமாகும்.

அச்சுக்கூடத்தில்

ஆசாரியார் 1887ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் தேதி சென்னையிற் பிறந்தார். மைசூர் இராஜ்யத்திலிருந்து வந்து சென்னையிற் குடியேறிய மண்டயம் ஐயங்கார் குடும்பங்களுள் ஒன்று அவருடையது. அக்குடும்பத்தைச் சேர்ந்த உறவினர்களே 'இந்தியா' என்னும் தமிழ் வாரப் பத்திரிகையை 1906ஆம் ஆண்டில் தொடங்கினர். சுப்பிரமணிய பாரதியார் அதன் ஆசிரியராய் விளங்கினார். அதன் காரியாலயம் பிராட்வே வீதியில் இருந்தது. அஃதாவது, மூலக்கொத்தளத்திலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில். கறுப்பர் பட்டணம் என்ற பழம்பெயர் மாறி ஜார்ஜ் டவுன் என்ற புதுப்பெயர் அவ்விடத்துக்கு வந்ததும் அதே 1906ஆம் ஆண்டில்தான்.

இருபது வயது நிரம்பிய ஆசாரியார் 1907இல் அப்பத்திரிகையின் வேலைகளிற் புகுந்தார். ஈயத்தாலான எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்தல், கோத்த பக்கத்தில் மை தடவி மாதிரி எடுத்தல், பிழை திருத்தல், தாள் கணக்குப் பார்த்தல், சந்தாதாரர்க்கு அனுப்புதல் என்று அச்சுக்கூடத்து வேலை அக்காலத்தில் பல கைகளால் நடந்தது. 'இந்தியா' பத்திரிகையோ ஏனைய பத்திரிகைகள் போன்றதன்று. அரசியற் கேலிச் சித்திரங்களைத் தமிழிற் பரவச் செய்த பெருமை அதற்குரியது. எழுத்தறியாதவனும் படத்தைக் கண்டு பொருளை அறிவான். ஆகவே, அதிகாரிகள் அதன் கட்டுரைகளுக்கு அஞ்சியது போலவே படங்களுக்கும் அஞ்சினர்.

1908ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திற்குப் பெரிய சோதனை ஆண்டாயிற்று. மார்ச்சு மாதம் திருநெல்வேலியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். ஜூலை மாதம் அவருக்குக் கொடிய தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்துச் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின்மீது வழக்குத் தொடரப்பட்டது. சட்டப்படி எவர் பெயர் பத்திரிகையிற் பதிவாகியிருந்ததோ அவரே குற்றவாளி ஆவர். அவ்வாறு பெயர் பதிந்திருந்த மு. சீனிவாசன் என்பவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. எழுதியவரும் பொருளுதவியவரும் வெளியில் இருக்க, தாளின் அடியிற் பெயர் அச்சிடப்பட்டவர் சிறை புகுந்தார். ஒரு பெரிய காரியத்தில் அதன் பாரம் பெரும்பாலும் சிறியவர் தோளிலேயே விழும் என்னும் உண்மையை அவ்வாலிபர் அன்றே கண்டிருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

பாரதியார் பிரஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுவைக்குச் சென்றார். அச்சியந்திரமும் புதுவை சேர்ந்தது. அதனை மாற்றி அமைக்கும் முயற்சியில் ஆசாரியாரும் பங்குகொண்டார். 1908 அக்டோபர் மாதம் முதல் 'இந்தியா' புதுவையிலிருந்து வெளிவந்தது. ஆனால், அங்கும் ஒற்றர் தொல்லை மிகுந்தது. தாம் ஆங்கில அதிகாரிகள் கையிற் பிடித்துக் கொடுக்கப்படலாம் என்று ஐயுற்ற ஆசாரியார், இருபத்தோராம் வயதில், அவ்வாண்டின் இறுதியில், கொழும்பு வழியாகக் கப்பலேறி மார்ஸேல் துறைமுகம் அடைந்தார். கையிலிருந்த பணமோ சொற்பம். மீண்டும் தாய்நாட்டில் அடி வைக்க இருபத்தாறு ஆண்டுகளுக்குமேல் ஆகும் என்று அன்று அவர் அறியார்.

லண்டன் நகரத்தில்

பாரிஸ் வழியாக லண்டன் சேர்ந்த ஆசாரியாரை வ. வே. சு. ஐயர் ஆதரித்து, ஹைகேட் பகுதியிலிருந்த இந்தியா விடுதிக்கு அழைத்துச் சென்றார். அவ்விடுதி 1905ஆம் ஆண்டில் சியாம்ஜி கிருஷ்ண வர்மாவால் இந்திய மாணவர்க்கென நிறுவப்பட்டது. ஆசாரியார் சென்ற காலத்தில் விநாயக தாமோதர சாவர்க்கர் அங்கே தலைவராய் விளங்கினார். அவ்விடுதியில் இருந்தோருட் பலர் பாரிஸ்டர் படிப்புக்கோ வைத்தியப் படிப்புக்கோ வந்த செல்வர் பிள்ளைகள். ஆசாரியாரோ கைத்தொழில் கற்க முற்பட்டார். லண்டன் நகர சபையார் நடத்திய தொழிற்பள்ளியிற் சேர்ந்து, படங்களை அச்சிடுதற்குரிய உலோகத் தகடுகளைச் செய்யும் வித்தையைப் பயின்றார். படத்தைப் புகைப்படமாக எடுத்து, அதனை நாகத் தகட்டின்மீது பதித்து, வேண்டாத இடத்தைத் திராவகத்தால் அரித்தெடுத்தால், எழுத்தோடு சேர்த்து அச்சிடத்தக்க அச்சுக்கட்டை உண்டாகும். சென்னையிற் கேலிச் சித்திரங்களின் வலிமையைக் கண்டவர்க்கு இத்தொழிலில் ஆசை பிறந்தது வியப்பன்று.

பகலில் ஒரு தொழில்; மற்ற நேரத்தில் வேறு தொழில். விடுதி வாலிபர் துப்பாக்கி சுடப் பழகினர். ஆசாரியாரும் அவர்களோடு பழகினார். 1909 ஜூலை முதல் தேதி இரவு, அவர்களுள் ஒருவரான மதன்லால் திங்க்ரா என்னும் வாலிபர், கர்ஸன் வைலி என்னும் ஆங்கில அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க முயன்ற லால்காகா என்னும் பார்ஸி வைத்தியரும் இறந்தார். ஆகஸ்டு 17ஆம் தேதி திங்க்ரா தூக்கிலிடப்பட்டார். கொலைக்குப் பின் லண்டன் வாழ் இந்தியர் கூடி அதனைக் கண்டிக்கும் தீர்மானம் நிறைவேற்ற முயன்றபோது, சாவர்க்கர் எழுந்து மறுத்தார். அவரை ஒருவன் முகத்தில் அடித்தான். உடனே ஆசாரியார் தம் கைத்தடியால் அவனைத் தலையில் அடித்தார். தலைவர்மீது பட்ட அடியைப் பொறாத சீடனின் கோபம் அது. இருபத்திரண்டு வயதில் ஆசாரியார் எத்தகையவர் என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒன்றே சாட்சி.

அதன்பின் விடுதியைப் போலீசார் முற்றுகையிட்டது போலக் காத்து நின்றனர். அங்குள்ளோர் சிதறினர்.

மொராக்கோ யாத்திரை

அதே 1909 ஜூலை மாதத்தில், ஆப்பிரிக்காவின் வடகரையிலே மொராக்கோ தேசத்து ரீப் மலைவாசிகளுக்கும் ஸ்பெயின் அரசுக்கும் போர் மூண்டது. மெலில்லா நகரத்தை அடுத்த இரும்புச் சுரங்கங்களுக்காக இருப்புப்பாதை போடப்பட்டது. அதனை மலைவாசிகள் எதிர்த்தனர். ஸ்பெயின் தன் ஏழைத் தொழிலாளரைப் படைக்கு இழுத்தது. அதனாற் பார்ஸலோனா நகரத்திற் பெருங்கலகம் விளைந்தது. மாத இறுதியில் நடந்த சண்டையில் ஸ்பானியர் பெருந்தோல்வி அடைந்தனர். துப்பாக்கியேந்திய குடியானவர் ஓர் ஐரோப்பிய சேனையை மடக்கினர் என்ற செய்தி எங்கும் பரவிற்று.

இந்தியப் புரட்சி வாலிபர்க்கு ஒரு குறை நெடுநாளாய் இருந்தது. அவருள் எவரும் உண்மையான யுத்தத்தைக் கண்டதில்லை. ஆகவே, ரீப் மலைவாசிகளோடு சேர்ந்து போர்த்தொழில் பயின்று வரலாம் என்று ஆசாரியாரும், சுக்ஸாகர் தத்தர் என்ற வங்காள வாலிபரும் துணிந்தனர். தத்தருடைய சகோதரர் உல்லாஸ்கர் தத்தர் அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்டவர். இருவரும் ஆகஸ்டு மாதம் ஜிப்ரால்டருக்குக் கப்பலேறினர்.

திருவல்லிக்கேணித் தெருக்களுக்கும் பிராட்வே அச்சுக்கூடத்திற்கும் பழகிய ஒரு தமிழ் வாலிபர், தம் மொழியையும் மதத்தையும் அறியாத மலைநாட்டாரிடம், தமக்கும் ஒரு துப்பாக்கி தந்து போரிற் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கப் புறப்பட்டார் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. மலைக்குச் செல்லும் வழி அவர்களுக்குத் திறக்கவில்லை. தத்தர் திரும்பினார். ஆசாரியார் டாஞ்சியர் நகரத்தில் தனித்துத் தங்கினார். பின்னர் லிஸ்பன் சென்று, அங்கிருந்து பாரிஸ் சேர்ந்தார். போர்த்தொழில் பயில வந்த மாணாக்கனுக்குப் பள்ளிக்கூடத்து வாயிலே மூடிக்கிடந்தது.

இதனைத் தோல்வி என்று கூறுவார் கூறுக. பிறர் போராட்டம் நமக்குப் பயிற்சிக்களம் ஆகாது. அவரவர் போராட்டம் அவரவர் மண்ணில் வேரூன்றியது என்பதே அவ்யாத்திரை கற்பித்த பாடம் என நாம் கொள்கிறோம்.

பாலைவனத்தில்

அடுத்த ஐந்தாண்டுகளைச் சுருக்கிச் சொல்வோம். பெர்லின், கான்ஸ்டாண்டினோப்பிள், நியூயார்க், கலிபோர்னியா என்று ஆசாரியார் அலைந்தார். 1914இல் ஐரோப்பிய மகாயுத்தம் தொடங்கியதும், இந்திய தேசபக்தர் பலர் பெர்லினிற் கூடி, ஜெர்மானிய அரசின் உதவியோடு ஒரு கமிட்டி அமைத்தனர். வீரேந்திரநாத சட்டோபாத்தியாயர் அதன் முக்கியஸ்தர். ஆசாரியாரும் அதிற் சேர்ந்தார்.

சூயெஸ் கால்வாயை அப்போது காத்து நின்ற சேனையில் இந்தியச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். அவர்களைத் தம் பக்கம் திருப்பும் பொருட்டும், துருக்கியர் கையிற் சிறைப்பட்ட இந்தியரிடம் பிரசாரம் செய்யும் பொருட்டும் கமிட்டியார் சிலரைத் துருக்கி நாட்டிற்கும் பாலைவனத்திற்கும் அனுப்பினர். அவர்களுள் ஆசாரியார் ஒருவர். காரியம் கைகூடவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காகப் படையிற் சேர்ந்த குடியானவன் மகன் ஒருபுறம். தேசத்தின் பெயரால் அவனை அழைக்கும் வாலிபன் மற்றொருபுறம். இருவருக்கும் நடுவில் இரண்டு சாம்ராஜ்யங்கள். ஜெர்மனிக்கு வேண்டியது இங்கிலாந்தின் தோல்வியேயன்றி இந்தியாவின் விடுதலையன்று என்பது நாளடைவில் வெளியாயிற்று. 1917இல் ஆசாரியாரும் சட்டோபாத்தியாயரும் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரத்திற்குச் சென்று, அங்கே கூடுவதாயிருந்த சோஷலிஸ்டுகளிடம் இந்தியாவின் நியாயத்தை எடுத்துரைக்க முயன்றனர். அவ்வாண்டின் இறுதியில் ருஷியாவிற் போல்ஷ்விக் புரட்சி நிகழ்ந்தது.

தாஷ்கண்டில்

1919இல் ஆசாரியார் மாஸ்கோ சென்றார். மகேந்திர பிரதாபர், பரக்கத்துல்லா முதலியோருடன் லெனினைச் சந்தித்தார். பின்னர்க் காபூல் சென்று, அப்துர் ரப் என்பவரோடு சேர்ந்து இந்தியப் புரட்சிச் சங்கம் ஒன்றை நடத்தினார். 1920இல் ஆப்கானிய அரசு அவர்களை இருக்க விடாமையால் இருவரும் தாஷ்கண்டு நகரத்தை அடைந்தனர்.

அவ்வாண்டு கிலாபத் கிளர்ச்சியின் காரணமாகப் பல்லாயிரம் முஸ்லிம்கள் இந்தியாவை விட்டு ஆப்கானிஸ்தானத்திற் புகுந்தனர். அவர்களுள் சில வாலிபர் மலைகளையும் ஆறுகளையும் கடந்து தாஷ்கண்டு வந்தனர். வழியிற் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. அவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் ஆசாரியார் எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தவர்கள். அவர்களுக்குப் போர்ப்பயிற்சி அளிக்க மானவேந்திரநாத ராய் முன்னின்று ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். அக்டோபர் 17ஆம் தேதி ராய், ஆசாரியார் முதலிய எழுவர் கூடி இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியை அங்கே நிறுவினர். ஆசாரியார் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். லண்டனில் தலைவருக்காகத் தடி சுழற்றிய வாலிபர், முப்பத்துமூன்றாம் வயதில் தாமே தலைவர் இருக்கையில் அமர்ந்தார்.

இங்கேதான் அவருடைய உண்மையான சோதனை வந்தது. தாய்நாட்டின் விடுதலை ஒன்றையே கருதி வந்த வாலிபர்களைக் கம்யூனிஸ்டுக் கொள்கைக்கு இழுத்தே தீரவேண்டும் என்பது ராய் கட்சி. அக்கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஏலாதவனும் தேசபக்தனே என்பது ஆசாரியார் கட்சி. அப்துர் ரப்பின் பக்கத்தில் அவர் நின்றார். அதிகாரமும் பணமும் ஆயுதமும் ராய் பக்கம் இருந்தன. சற்றே தலையசைத்திருந்தால் ஆசாரியார் பெரும்பதவியில் நிலைத்திருக்கலாம். அவர் அசைக்கவில்லை. கட்சி தோன்றி மூன்று மாதம் முடிந்த அளவில், 1921 ஜனவரியில், அவர் கட்சியினின்றும் நீக்கப்பட்டார்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் ருஷிய அரசு இங்கிலாந்தோடு வியாபார ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பின் தாஷ்கண்டுப் போர்ப்பள்ளியும் மூடப்பட்டது. சாம்ராஜ்யம் எதுவாயினும், அரசு எதுவாயினும், தன் காரியம் முடியும் வரையிலேயே பிறர் விடுதலைக்குத் துணை நிற்கும் என்பதை ஆசாரியார் இரண்டாம் முறையும் கண்டார்.

ஒரு வாலிபன் எப்போது ஆண்மகனாகிறான்? ஆயுதம் ஏந்தும்போது என்பர் சிலர். ஆசாரியார் சரித்திரத்தைப் படித்த நாம் அவ்வாறு கூறமாட்டோம். தம் கூட்டமே கைகொட்டிச் சிரிக்க, தமக்கு நியாயம் எனத் தோன்றியதை விட்டுக் கொடாது நின்ற அன்றே அவர் தொழில் பழகும் நிலையைக் கடந்தார்.

பிற்கால வாழ்க்கை

மாஸ்கோவில் மக்தா நாக்மன் என்னும் ருஷிய ஓவியப் பெண்மணியை அவர் மணந்தார். 1922ஆம் ஆண்டின் இறுதியில் இருவரும் பெர்லின் வந்தனர். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் வறுமையோடு போராடினர். ஆளும் அரசென்பது எதுவாயினும் அடக்குமுறைக் கருவியே என்றும், தொழிலாளர் தாமே கூடித் தம் காரியத்தை நடத்திக்கொள்ள வேண்டும் என்றும் ஆசாரியார் பல தேசத்துப் பத்திரிகைகளில் எழுதி வந்தார். ஒரு காலத்தில் துப்பாக்கி பழகிய அவர், காந்தியடிகளின் அஹிம்சைப் போரை 1930இல் ஆழ்ந்து ஆராய்ந்து மதித்தெழுதினார். வன்முறையால் நிறுவப்படும் ஆட்சி வன்முறையாலேயே நிற்கவேண்டி வரும் என்று அவர் கண்ட முடிவு ஏட்டிற் படித்ததன்று. நான்கு கண்டங்களில் அலைந்து பட்டறிந்தது.

1933இல் ஹிட்லர் ஆட்சி வந்தபின் பெர்லினில் அவர்களுக்கு இடமில்லை. பல ஆண்டுகள் விண்ணப்பித்தும் கிட்டாத பிரயாண அனுமதி ஒருவாறு கிடைக்கவே, 1935இல் பம்பாய் வந்து சேர்ந்தனர். 1937இல் தம் புரட்சிக்கால நினைவுகளைப் பூனா நகரத்து 'மராட்டா' பத்திரிகையில் எழுதினார். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது பதவி தேடி எவர் வாயிலுக்கும் அவர் சென்றாரில்லை. மக்தா அம்மையார் ஓவியங்கள் எழுதிக் குடும்பத்தைத் தாங்கினார். அவருடைய ஓவியக் காட்சி ஒன்று திறக்கப்படவிருந்த 1951 பிப்ரவரி 12ஆம் தேதியன்றே அவர் உயிர் நீத்தார். ஆசாரியார் நோயும் வறுமையும் தனிமையும் சூழ மூன்றாண்டு வாழ்ந்து, 1954 மார்ச்சு 20ஆம் தேதி பம்பாயில் காலமானார்.

முடிவுரை

ஆசாரியார் சேர்ந்த கட்சி எதனையும் நாம் இங்குப் புகழ வரவில்லை. அவர் கொண்ட கொள்கை முழுவதையும் நம் வாசகர் ஏற்கவேண்டும் என்று வற்புறுத்தவும் இல்லை. இந்தியா விடுதியிலே கொலைக்குத் துணை நின்ற கோபத்தை வாலிபர் பின்பற்றலாகாது என்றே எச்சரிப்போம். அவரே பிற்காலத்தில் அவ்வழியை விட்டார் அன்றோ? ஆயினும், அவரிடம் நம் பிள்ளைகள் கற்கவேண்டியவை இரண்டு உள.

ஒன்று, கைத்தொழிலை இழிவெனக் கருதாமை. பாரிஸ்டர் ஆக விரும்பியோர் நடுவே திராவகத்திற் கையை நனைத்துத் தகடு அரிக்கப் பயின்றவர் அவர். மற்றொன்று, ஆசானையும் தலைவனையும் மதித்தும் அவர்களுக்கு அடிமையாகாமை. சங்கத்திலும் சரி, தொழிற்சாலையிலும் சரி, தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவனே நல்ல தொண்டன் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது தலைவருக்கும் கேடு, தொண்டருக்கும் கேடு. நியாயம் கண்டவிடத்துப் பணிவோடு மறுத்துரைக்கும் வாலிபன் ஒருவன் இருப்பின், அவனை வெளியேற்றாது அருகில் இருத்திக் கேட்பதே சங்கத்திற்கு அழகு. தாஷ்கண்டில் அவ்வழகு இல்லாமற் போயிற்று. நம் சங்கத்தில் அஃது என்றும் நிலைபெறுவதாக.

தொழில் கற்கும் பிள்ளைகளே, நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை உங்கள் கையிலும், அறிவை உங்கள் நெஞ்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உங்களுடையனவே.